காணாமல் போன இரண்டாவது மரம்

என் தங்கை வீட்டுக் கூரைமேல் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. மரத்தின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம்.

யாரும் நட்ட மரமில்லை. பின்சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் தானாக முளைத்தது. வளர்கிறவரை எவரும் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பிறகு எங்கே படுக்கலாம் என்று பார்த்து, தையல் அறையின் கூரையைத் தேர்ந்தெடுத்தது. அந்த அறையில் தங்கையும் வேறு இரண்டு பெண்களும் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். வீட்டில் அடுப்பெரிவது அந்த அறையால்தான். காற்றடித்தால் ஓடு முனகும். ஓடு முனகினால் மூன்று பேரும் மேலே பார்ப்பார்கள். மேலே பார்த்துக்கொண்டே தைத்த ஒரு சட்டையில் கை வரவேண்டிய இடத்தில் பை வந்துவிட்டது.

தங்கையின் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை, கவலைப்படவில்லை. புதுமை விரும்பி. இலையைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றைச் செல்போனில் இறக்கி வைத்திருந்தார்.

"என்ன சொல்லுது மாப்பிள்ளை?"

"கத்திரிக்காய்ங்குது மச்சான்."

"கூரை உசரத்துக்கா?"

"இருங்க, கோணத்தை மாத்திப் பாக்கறேன்."

கோணத்தை மாற்றினார். குடைமிளகாய் என்றது. மறுபடி அழுத்தும்போது கை தவறி அவர் முகமே படத்தில் விழுந்தது. கிழங்கு வகை என்றது. அது ஒன்றுதான் பொருத்தமாக இருந்தது.

அடுத்து மர நேசர் மன்றம் வந்தது. ஒரே மாதிரி பச்சைப் பனியன் போட்ட நாகரிகமான கூட்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடிப்பது அவர்கள் கொள்கை. மாப்பிள்ளை புதிதாகச் சேர்ந்திருந்தார். எல்லோருமாக வரிசையில் நின்று மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடினார்கள். மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. ஓடு ஒன்று விழுந்து உடைந்தது.

"மரம் பேசுது," என்றார் மன்றத் தலைவி.

"ஓடுதாங்க பேசுது," என்றாள் தங்கை.

இனி நான் போனால்தான் ஆகும் என்று கிளம்பினேன். நான் பூட்டு ரிப்பேர் செய்து பிழைத்தவன். சாவி பொருந்தும், அல்லது பொருந்தாது. நடுவில் ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்டவன் அரசு அலுவலகத்துக்குப் போகக்கூடாது. போனேன்.

மரங்கள் இனங்காணும் அலுவலகம் ஒரு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்ச், மேலே நல்ல நிழல். காத்திருப்பவர்களுக்காகப் போட்டது. அந்த அலுவலகம் பொதுமக்களுக்குச் செய்த ஒரே உபகாரம்.

விண்ணப்பத்தில் மரத்தின் பெயர் கேட்டிருந்தது. தெரியாது என்று எழுதினேன். 'தெரியாது என்ற பெயரில் மரம் எதுவும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெயர் தெரியாவிட்டால் இலையைக் கொண்டுவந்து இலைப் பிரிவில் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன்.

இலை அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"விளிம்பு பல்லு பல்லா இருக்கு. நரம்பு எதிரெதிரா ஓடுது. அடியில லேசா ரோமம். நல்ல இலை பெரியவரே."

"என்ன மரம் சார்?"

"அவசரப்படாதீங்க. என் வேலை இலை. மரம் என் வேலை இல்லை."

"இலை மரத்துலேருந்துதான வந்துது?"

"அப்படி நீங்க சொல்றீங்க. நான் பாக்கலையே."

ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ள பொருளானது உரிய பரிசோதனைக்குப் பின் இலை எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

"பேரு?"

"பூ இருந்தாத்தான் பேரு. பூப் பிரிவு மாடியில."

மாடிக்குப் போனேன். பூ அதிகாரி ஃபேனுக்குக் கீழே அமர்ந்திருந்தார்.

"பூ எங்க?"

"இன்னும் பூக்கலை சார்."

"எப்பப் பூக்கும்?"

"அது என்கிட்ட எதுவும் சொல்லலை."

"பரவாயில்லை. நான் காத்திருக்கேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் நாள் இருக்கு."

தங்கையிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காரு. நாங்க மரத்துக்குக் கீழ உக்காந்திருக்கோம். காத்திருக்க அவருக்கென்ன அண்ணா?"

மழை வந்து போன பிறகு மரம் பூத்தது. வெள்ளையும் பச்சையும் கலந்த பொடிப் பூ, கொத்துக் கொத்தாக. மணம் என்று சொல்ல முடியாது. நனைந்த சாக்ஸைக் கழற்றி மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. ஒரு கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். வாசல் பெஞ்சிலும் அதே நாற்றம். பை நாறுகிறது என்று நினைத்தேன். பையைத் தள்ளி வைத்த பிறகும் நாறியது. சரி, சாக்கடையாக இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பூ அதிகாரிக்கு ஜலதோஷம்.

"மணம் பத்தி எழுதற இடம் ஒண்ணு இருக்கு. மூக்கு திறக்கறவரைக்கும் அதை நிரப்ப முடியாது."

"நான் சொல்றேன் சார். சாக்ஸ்."

"நீங்க சொல்லக்கூடாது. உங்க மூக்கு அரசு மூக்கு இல்லை."

அரசு மூக்கு திறந்தது. பூவும் பூவெனச் சான்றளிக்கப்பட்டது. இனி அனுமதிதான் பாக்கி என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அனுமதி வரவில்லை. அளவு நாடாவோடு ஓர் ஆய்வாளர் வந்தார். பின்பக்கம் போய் மரத்தைச் சுற்றி வந்தார். தையல் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மெஷினுக்கு அடியிலும் பார்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

"எப்பவும் ஒண்ணுதாங்க," என்றாள் தங்கை.

"ரெண்டு இருக்கணுமே அம்மா."

"எப்படி?"

"எங்க அலுவலகத்துல ஒரு மாதிரிக்கு ஒரு மரம். இலை ஒரு மாதிரி. அதுக்கு ஒரு மரம். பூ ஒரு மாதிரி. அதுக்கு ஒரு மரம். இலை மரம் இதோ நிக்குது. பூ மரத்தை என்ன பண்ணீங்க?"

"இதே மரத்துலதான் பூவும் இருக்கு. மேல பாருங்க."

"இது இலை மரம்னு பதிவாகிடுச்சு. இதுல பூ இருக்க வாய்ப்பில்லை."

அந்த நேரம் பார்த்து ஒரு பூ உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டார்.

"எங்கேருந்தோ பறந்து வருது," என்றார்.

பிறகு வந்த கடிதம் தமிழில்தான் இருந்தது. இருந்தாலும் எனக்கு இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. 'தங்கள் வளாகத்தில் நின்றிருந்ததாகப் பதிவுகளால் அறியப்படும் இரண்டாவது மரத்தைத் தாங்கள் முறையான அனுமதியின்றி வெட்டி மறைத்துள்ளதாகக் கருத இடமுள்ளது. விசாரணை நாளில் மேற்படி மரத்தை நேரில் ஆஜர்படுத்தத் தவறினால் தையல் அறை பூட்டி முத்திரையிடப்படும்.'

இருக்கிற மரத்தை வெட்ட விடவில்லை. இல்லாத மரத்தை வெட்டியதற்கு விசாரணை. தங்கை கடிதத்தை மடித்து மெஷின்மேல் வைத்தாள். அன்று அவள் தைக்கவில்லை. மற்ற இரண்டு பெண்களும் வேறு வேலை தேட வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மர நேசர் மன்றம் விஷயம் கேள்விப்பட்டுப் பொங்கியது. வீட்டு வாசலில் கூடி, பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி, காணாமல் போன மரத்துக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதன் படம் அச்சடித்த புதுப் பனியன் போட்டிருந்தார்கள்.

"இது யார் வரைஞ்சது?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவரும் அந்தப் பனியனில்தான் இருந்தார்.

"தலைவி வரைஞ்சாங்க மச்சான். மனசுல தோணினதை."

"உங்க பொண்டாட்டியைத்தான் கொலைகாரிங்கறாங்க, தெரியுமா?"

"தெரியும். ஆனா மரம்னு வந்துட்டா நான் குடும்பம் பாக்கறதில்லை."

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். பெரிய கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.

"பனியனைக் கழட்டிட்டு உள்ள வாங்க," என்றாள். மாப்பிள்ளை கொள்கையை உடனே மறுபரிசீலனை செய்தார்.

விசாரணை நாள் வந்தது. நானும் தங்கையும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சுக்குப் பக்கத்தில், அதே நிழலில், தலைமை அதிகாரியின் கார் நின்றது. புதுசு. வெள்ளை. ஓட்டுநர் துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்த்து மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

தலைமை அதிகாரி வெளியே போவதற்காகக் கீழே இறங்கி வந்தார். கார் கதவில் கை வைத்தார். மேலே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கண்ணாடியில் தொடங்கி கதவு வழியாக அதிகாரியின் சட்டைக் கைவரை ஒரே கோடாகப் போட்டது.

அதிகாரி கையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மேலே பார்த்தார். அந்த அலுவலகத்தில் யாராவது ஒரு மரத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அப்போதுதான்.

"கூப்பிடு அந்த மரம் வெட்டறவனை," என்றார்.

மரம் வெட்டுகிறவர் எதிர்க்கடையில்தான் இருந்தார். அனுமதி வாங்கியவர்களிடம் வேலை கேட்டு அங்கேயே காத்திருப்பவர். அனுமதி யாருக்கும் கிடைக்காததால் ரொம்ப நாளாகக் காத்திருப்பவர். கோடாலியோடு ஓடி வந்தார்.

"அனுமதி இருக்குங்களா சார்?"

"அனுமதி குடுக்கறதே நான்தான்."

"மரத்தோட பேரு வேணும்பாங்களே."

"பேரு என்னய்யா பேரு. ஏதோ காட்டு மரம். வெட்டு."

சட்டையைக் கழுவ அவர் உள்ளே போனார். எங்களை எழுப்பிவிட்டு மரத்தை வெட்டினார்கள். பல நாள் பசி, கோடாலி வேகமாக இறங்கியது. மரம் சரிந்து ஒரு கிளை தங்கையின் காலடியில் வந்து விழுந்தது. அவள் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி விளிம்பைத் தடவினாள். ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணா, இத்தனை நாளா எதுக்குக் கீழ உக்காந்திருந்தீங்க?"

"நிழல்ல."

"எந்த மரத்து நிழல்ல?"

பார்த்தேன். பல்லு பல்லாக விளிம்பு. வெள்ளையும் பச்சையும் கலந்த பொடிப் பூ. சாக்ஸ்.

அவள் கிளையை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். படியெல்லாம் இலை உதிர்ந்தது. இலை அதிகாரி ஒன்றைப் பொறுக்கிப் பார்த்து, "நல்ல இலை," என்றார், பழக்க தோஷத்தில். மாடியில் பூ அதிகாரி தும்மினார். தலைமை அதிகாரி ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை கிளையை அவர் மேஜைமேல் தூக்கிப் போட்டாள்.

"ரெண்டாவது மரத்தை ஆஜர்படுத்தச் சொல்லியிருந்தீங்க. ஆஜர்."

"என்னம்மா இது?"

"பூ மரம். காணோம்னு என் மெஷினுக்கு அடியிலல்லாம் தேடினீங்க. உங்க வாசல்ல நின்னுட்டு இருந்துது. இப்ப இல்லை. அனுமதி இல்லாம யாரோ வெட்டிட்டாங்க. யாருன்னு விசாரிக்கறீங்களா, இல்ல நான் வெளிய போயி விசாரிக்கட்டுமா?"

அதிகாரி கிளையைப் பார்த்தார்.

"உக்காருங்க அம்மா," என்றார். அந்த அலுவலகத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்?"

"என் கூரைமேல இருக்கறதை வெட்டணும்."

"அதுக்குப் பேரு..."

"கீழ நின்னு நீங்கதான சொன்னீங்க. அதையே எழுதுங்க."

அன்றே உத்தரவு வந்தது. 'மேற்படி மரமானது இலையாலும் பூவாலும் ஐயத்துக்கு இடமின்றி இனங்காணப்பட்டு, ஏதோ காட்டு மரம் என உறுதி செய்யப்படுகிறது. வெட்டத் தடையில்லை. இரண்டாவது மரம் முதல் மரத்துடன் இணைக்கப்பட்டுக் கோப்பு முடிக்கப்படுகிறது.'

மரம் போனது. கூரை தப்பியது. தையல் அறையில் மூன்று பேரும் இப்போது துணியைப் பார்த்துத் தைக்கிறார்கள். கை இருக்கும் இடத்தில் கை இருக்கிறது.

வெற்றிக்கு உரிமை கொண்டாட எல்லோரும் வந்தார்கள். இலைப் பிரிவு தன் சான்றிதழ்தான் அடித்தளம் என்றது. பூப் பிரிவு தன் மூக்கு இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்றது. மர நேசர் மன்றம் இரண்டாவது மரத்தை மீட்டுத் தந்ததாக விழா எடுத்தது. மீட்ட மரம் அப்போது விறகாக அடுக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளை தன் செல்போனுக்கு இப்போது 'ஏதோ காட்டு மரம்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நல்ல ரோஜாவைக் காட்டினாலும் அதையே சொல்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. அண்ணன் விடாமல் அலைந்ததால்தான் காரியம் முடிந்தது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். தங்கை காதில் விழுந்தது. சிரித்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அந்த அலுவலகத்துக்காரர்களும் நானும் வாசல் மரத்துக்குக் கீழேதான் தினமும் வந்துபோனோம். நிமிர்ந்து பார்க்க வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இலையைக் கேட்கவில்லை, பூவைக் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. மேலே உட்கார்ந்து தன் வேலையை நேரத்தோடு முடித்துவிட்டுப் பறந்துபோனது, அந்தக் காக்கா.