படைத்தலைவனுக்கு அம்மை

என் மனைவியைக் கொன்றுவிடுவதென்று முடிவு செய்தேன். நாவலின் கடைசி அத்தியாயமான முப்பத்திரண்டில், வைசூரியால்.

திருத்தங்கல் அச்சகத்தில் பகலெல்லாம் 1958 காலண்டருக்கு எழுத்துக் கோர்ப்பேன். மிச்ச நேரத்தில் சரித்திர நாவல். பாண்டியப் படைத்தலைவன் ஒருவன். அரசனுக்குச் செய்த சத்தியம் ஒருபக்கம், வீட்டில் சிரிப்பை மறந்த மனைவி ஒருபக்கம், நடுவில் மயக்கும் ஆடல்மகள். படைத்தலைவன் நான். ஆடல்மகள், சாத்தூர் நர்ஸ் தேவமணி. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் பிள்ளையை அம்மை கொண்டுபோனது. எனக்குத் தெரிந்த சாவு அது ஒன்றுதான்.

தேவமணியிடம் சொல்லியிருந்தேன்: "கடைசி அத்தியாயத்தைப் படி. படைத்தலைவன் முடிவுதான் என் முடிவு. சம்மதம்னா சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா."

என் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். என் மனைவி, ஞானபூரணி டீச்சர். அவளையே நல்ல பிரதி எடுக்கச் சொன்னேன். பதினெட்டு வருஷம் எழுத்துக் கோர்த்தவன் நான். கை எழுத்தைப் பார்க்கும், பொருளைப் பார்க்காது. அவள் கையும் அப்படித்தான் என்று நம்பினேன்.

தன் சாவை முத்துமுத்தாக எழுதினாள்.

"ஏங்க, அம்மை கண்டு கிடக்காளே, கஞ்சி குடுக்க ஒருத்தருமா இல்ல?"

"புருஷன் போருக்குப் போயிட்டான்."

"எந்தப் போரு? ஆட்டக்காரி வீட்டுல நடக்கிற போரா?"

"கதை, பூரணி."

"கதைதான். எம்புட்டு நாள்ல சாவா?"

"மூணு நாள்."

"நம்ம பிள்ளைக்கும் மூணு நாள்தான்." பேனா நிற்கவில்லை.

அவள் கொடுத்த பிரதிக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தேவமணிக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை பெட்டியோடு சாத்தூர் ஸ்டேஷனில் நின்றேன். தேவமணி வந்தாள். கையில் பெட்டி இல்லை. காகிதக் கட்டு இருந்தது. கண் சிவந்திருந்தது.

"ரொம்ப அழுதுட்டேன், அண்ணாச்சி."

அதுவரை அவள் என்னை அண்ணாச்சி என்றதே இல்லை.

"முடிவைப் படிச்சியா?"

"படைத்தலைவருக்கு அம்மை போடுது. ஆட்டக்காரி பயந்து ஓடிப்போறா. பொஞ்சாதிதான் பக்கத்துல இருந்து கஞ்சி குடுக்கா. மூணாம் நாள் செத்துப்போறாரு. அப்பேர்ப்பட்ட பொஞ்சாதிய விட்டுட்டா வந்தீக?"

கட்டை என் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள். ரயிலும் போனது.

வீட்டில் ஞானபூரணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.

"பசிக்குது, பூரணி."

"செத்தவுகளுக்குப் பசிக்குமா?"

எழுந்துபோய்க் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அம்மை கண்டவர்களுக்குக் கொடுக்கிற உப்பில்லாக் கஞ்சி. பிள்ளைக்குக் கொடுத்த அதே கிண்ணம்.

மூன்று நாளும் அதேதான். செத்தவன் எந்த வாயால் உப்புக் கேட்பது?