தனியாகப் போக ஓர் ஆள் தேவை

"நான் தனியா மலையேறப் போறேன்னு சொல்றேன், நீ என்னடான்னா..."

"போங்கன்னுதானே நானும் சொல்றேன்! அதுக்கு என்னை எதுக்கு..."

"நீ வந்தாதான் நான் தனியாப் போக முடியும்!"

மனித குலம் இந்த உயரத்துக்கு வந்ததே தனியாக மலையேறியவர்களால்தான். சந்தேகப்படுபவர்கள் காப்பீட்டு அலுவலகத்தின் பணியாளர் நலப் பிரிவு வெளியிட்ட சுற்றறிக்கையைப் பார்க்கலாம்; முத்திரை குத்தியே சொல்லியிருக்கிறார்கள். குளிர்காலத்தில், முன்திட்டம் ஏதுமின்றி, கடலோரக் குன்றுகள் மூன்றையும் தன்னந்தனியே கடக்கும் ஊழியருக்குத் 'தன்னையறிந்தவர்' என்ற பட்டயம் உண்டு. பட்டயம் வாங்குபவரே அடுத்த பிரிவுத் தலைவர் என்று கழிப்பறை வரைக்கும் பேச்சு. தலைமை எழுத்தர் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தன்னை அறிந்தே தீருவது என்று முடிவெடுத்தார்.

அவர் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் அவரைவிட அவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தவம் கிடந்தாள். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வாரம் ஆறு நாள், வீங்கிய கன்னங்களுக்கெல்லாம் 'கொஞ்சம் உட்காருங்க' சொல்லுகிறவள். மகள் விடுதியில். மாமியார் கொழுந்தன் வீட்டில். கணவர் மலையில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் அவள் ஒருத்தி மட்டும்! அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை, விளக்குமாற்றைத் தொடப் போவதில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, 'அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு' என்று யாரும் கேட்காத வீட்டைக் காது குளிரக் கேட்கப் போகிறாள்.

அதற்காகவே அவருடைய 'முன்திட்டமில்லாத' பயணத்துக்கு மூன்று நாள் உட்கார்ந்து திட்டம் போட்டாள். கம்பளிக் காலுறை, தைலம், சுடுதண்ணீர்க் குடுவை, வெண்ணெய் தடவிய ரொட்டி எல்லாம் பைக்குள் போயின. பையைத் திறந்து பார்த்த அவர் மெய்சிலிர்த்தார்.

"பாத்தியா? எதையுமே திட்டம் போடல. தானா அமையுது!"

கிளம்பும்போதுதான் பட்டயத்துக்கான விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கட்டத்தைப் படித்தார்: 'விண்ணப்பதாரர் தொடக்கம் முதல் இறுதிவரை தனியாகவே இருந்தார் என்பதை உடனிருந்து கண்ட சாட்சியின் கையொப்பம்.'

நல அதிகாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், சாட்சி கூட வந்தா அது தனியாப் போனதா ஆகாதே சார்?"

"சாட்சி வேணாம்னு விட்டா, நாலு பேரா போயிட்டுத் தனியாப் போனேம்பாங்க. விதி போட்டவங்க யோசிக்காமயா போட்டிருப்பாங்க? உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு சார்."

"அப்புறம் என்னங்க? மனைவியைக் கூட்டிட்டுப் போங்க. மனைவி கணக்குல வர மாட்டாங்க. போன மாசமே விளக்கம் குடுத்தாச்சு."

இதில்தான் மேற்படி சண்டை மூண்டது. விதி ஜெயித்தது. சோபா தோற்றது.

முதல் குன்றில் அவர் முன்னே போனார். இரண்டாவதில், தன்னை அறியக் கை இரண்டும் காலியாக இருப்பது அவசியம் என்று தோன்றியதால், பை அவள் தோளுக்கு மாறியது. கடல்காற்று காதைப் பிய்த்தது. அவளுடைய சால்வையும் அவர் கழுத்துக்கு மாறியது. மூன்றாவதில் முட்புதருக்குள் வழி கண்டுபிடித்துக்கொண்டு அவள் முன்னே போக, வீரர் பின்னால் மூச்சு வாங்கினார்.

"தைலம் எங்க இருக்கு?"

"பக்கவாட்டுப் பையில. தனிமை எப்படி இருக்கு?"

"பேசாத. நான் என்னையே சந்திச்சிட்டிருக்கேன்."

"சந்திச்சா அவரையும் இந்தப் பக்கமா வரச் சொல்லுங்க. அந்தப் பாறை வழுக்கும்."

உச்சியில் ஒரு சிமெண்ட் பெஞ்சும், எந்தப் பட்டயமும் வாங்காமல் அங்கே தினமும் ஏறிவரும் இரண்டு ஆடுகளும் இருந்தன. ரொட்டியை அவர் தனியாகவே தின்று முடித்தார். பிறகு படிவத்தை அவள் மடியில் விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"'முழுப் பயணத்திலும் விண்ணப்பதாரருடன் எவரும் இல்லை.' எழுதிட்டியா?"

"எவரும்?"

"இல்லை. அழுத்தி எழுது, நகல்ல விழணும்."

அழுத்தி எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். அவர் அதை இரண்டு தரம் படித்தார், கண் கலங்கிவிட்டது.

"தனிமை மனுஷனை எங்கயோ கொண்டுபோயிடுதும்மா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. பன்னிரண்டுக்கு ஒரு பஸ் இருக்கிறது. பையை அவர் காலடியில் வைத்தாள், அவர் கழுத்திலிருந்த சால்வையை உருவித் தன்மேல் போர்த்திக்கொண்டாள், சரிவில் இறங்கத் தொடங்கினாள்.

"ஏய், எங்க கிளம்பிட்ட? நான் இன்னும் இறங்கணுமே! வழி எங்க இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க கணக்குல நான் வர மாட்டேங்கறது எனக்கு இருபத்திரண்டு வருஷமா தெரியும், இன்னைக்குத்தான் எழுத்துல கிடைச்சிருக்கு, இல்லாத ஆளுக்கு இங்க என்ன வேலை, நான் வீட்டுக்குப் போறேன், இருட்டுற வரைக்கும் வந்து கதவைத் தட்டாதீங்க."