இளைப்பாறச் சென்ற பிரசவ வார்டு

மனித குல நாகரிகத்துக்கு எங்கள் கோர்னா ரேக்கா நகராட்சி செய்திருக்கும் தொண்டை வரலாறு மறக்கவே முடியாது. கடந்த நாலு வருடங்களாக பல்கேரியாவின் இந்த மலையடிவார ஊரில் ஒருவர்கூட போலீஸால் அடக்கப்படவில்லை. காரணம் எளிது. 'அடக்குதல்' என்ற சொல்லையே நகராட்சி அகராதியிலிருந்து நான் எடுத்துவிட்டேன்.

நான் நகராட்சியின் சொற்பண்பாட்டுப் பிரிவுத் தலைவன். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் ஒழுங்கு நடவடிக்கைக்கு அவசியம் நேர்ந்ததில்லை. முன்பு பள்ளியில் இலக்கியம் நடத்தியவன். எங்கள் மேயர் ஹரலாம்பியெவ் இன்றும் என்னை 'வாத்தியாரே' என்றுதான் அழைப்பார். அந்தப் பணிவு அவருடன் பிறந்தது.

கூட்டத்தைப் பிடித்துத் தள்ளினால் அது 'அரவணைப்பு'. ஒலிபெருக்கியைப் பிடுங்கினால் 'செவிகளுக்கு ஓய்வு'. சுவரொட்டியைக் கிழித்தால் 'சுவருக்குக் காற்றோட்டம்'. போலீஸ்காரர்களுக்கே இந்தப் பட்டியலை வைத்துத்தான் வகுப்பு எடுத்தோம். மக்கள் அரவணைக்கப்பட்டு, கைகால் வீங்கி, நிம்மதியாக வாழ்ந்தார்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடினோம். மன்னிக்கவும், வார்டு 'இளைப்பாறச் சென்றது'. இனி கணவாயைத் தாண்டிப் பக்கத்து நகரத்துக்குப் போய்த்தான் பிள்ளை பெற வேண்டும். பனி விழுந்தால் கணவாய் அடைபடும். என் மகள் ரலித்சாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"பனிக்காலத்துல வலி வந்தா நான் எங்கப்பா போவேன்?" என்று கேட்டாள்.

"பயணம் உடம்புக்கு நல்லதும்மா. அறிக்கையிலயே எழுதியிருக்கேனே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் போராடும் பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.

அவர்கள் ஒட்டிய சுவரொட்டிகளுக்கெல்லாம் உடனுக்குடன் காற்றோட்டம் கொடுத்தோம். ஒரு காலையில் பார்த்தால், ஆஸ்பத்திரிக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் கறுப்புக் கட்டம் போட்ட தாள்கள். மரண அறிவிப்பு! எங்கள் ஊரில் யார் செத்தாலும் இப்படித்தான் படம் போட்டு ஒட்டுவோம். ஒட்டியதை மழைதான் எடுக்கலாம், மனிதன் கை வைக்க மாட்டான். இதில் படத்துக்குப் பதில் பிரசவ வார்டின் ஜன்னல் இருந்தது. கீழே, 'நகராட்சியின் அரவணைப்பில் இளைப்பாறச் சென்றாள்.' நடை என்னுடையது. கையெழுத்து என் மகளுடையது.

"கிழிங்க!" என்றார் மேயர்.

"ஐயா, செத்தவங்க தாளு. என் கை விளங்காமப் போயிடும்" என்றார் போலீஸ்காரர் ஸ்பாஸ்.

"ஒரு தாளுக்குப் பயப்படறீங்க, நீங்கெல்லாம் போலீஸு! நகருங்க, நானே கிழிக்கிறேன்."

மேயர் வீராவேசமாகக் கதவருகே போனார். கறுப்புக் கட்டம் கண்ணில் பட்டதும் அவர் கை தன்னால் தொப்பியைக் கழற்றியது. சிலுவை போட்டது. "ஆண்டவன் அவளை மன்னிக்கட்டும்" என்று சாவுக்குச் சொல்லும் வாசகத்தை வாய் முணுமுணுத்தது. போராடும் பெண்களில் ஒருத்தியான பென்கா, சாவு வீட்டில் கொடுக்கிற அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் நீட்டினாள். மேயர் பக்தியோடு வாங்கி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா, மேயரே துக்கம் விசாரிச்சிட்டாரு!" என்றாள் பென்கா. "செத்துப்போனது உண்மைதான்னு ஒத்துக்கிட்டாரு!"

வாசலே சிரித்தது. மேயர் மீசையில் கோதுமையோடு திரும்பினார். "அடக்குங்கய்யா இவங்கள!"

ஸ்பாஸ் திருதிருவென்று விழித்தார். "ஐயா, அந்த வார்த்தை பட்டியல்ல இல்லீங்களே. அப்படின்னா என்ன செய்யணும்?"

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க இவனுக்கு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரலித்சா வயிற்றில் கை வைத்தபடி முன்னால் வந்தாள். "சொல்லுங்கப்பா. எங்கள என்ன செய்யப் போறாங்க?"

அகராதி முழுவதும் என் நாக்கில் இருந்தது. வெளியே வந்ததோ அதில் இல்லாத சொல்.

"அடிக்கப் போறாங்கம்மா."

ஸ்பாஸ் தன் தடியைப் பார்த்தார். "அடிக்கிறதா? நாலு வருஷமா நான் அரவணைக்கிறேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! என் ரெண்டு பிள்ளையும் இந்த வார்டுல பொறந்தது சார்." தடியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் 'இளைப்பாறச் சென்றதாக' நகராட்சி அறிவித்திருக்கிறது. நம்பாதீர்கள், வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள். வார்டு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கணவாயில் பனி விழத் தொடங்கிவிட்டது. ரலித்சாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. வழியில் அவளுக்கு ஏதாவது ஆனால் எப்படி அறிவிப்பது என்று மேயர் அலுவலகம் இப்போதே நல்லதாக ஒரு சொல் தேடுகிறதாம். சிரமப்பட வேண்டாம். இலவசமாகவே தருகிறேன்: கொலை. செய்தவர்கள் பெயரைப் போடும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.