ஆற்றில் பிரேக் மிதித்தவன்

எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்தவன் இதை வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் பட்ட பாடு புரியாது.

தச்சநல்லூரில் லோடு வண்டி ஓட்டுகிறேன். படிப்பு அஞ்சாம் கிளாஸ். பேச்சும் அதற்குத் தக்கபடிதான். ஏரல் பக்கம் ஒரு வீட்டில் பழைய இரும்பு ஏற்றணும் என்று கூப்பிட்டார்கள். போனேன். வீட்டுக்காரர் நெல்லையப்பன் அண்ணாச்சி, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டகைக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு கார்.

கார் என்று அவர்தான் சொன்னார். முன்னால் இரண்டு விளக்கு, ஒவ்வொன்றும் இட்லிக் கொப்பரை அளவு. பின்பக்கம் போகப் போகக் குறுகி, வாழைப்பூ நுனி மாதிரி கூராக முடிந்தது. உடம்பு முழுக்க மரம். மேலே கனத்த பெயிண்ட். கதவே கிடையாது. (ஆசாரி மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். என் மூளை அப்படி.) வௌவால் எச்சம் ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. அத்தனைக்கு நடுவிலும் அது ராஜா மாதிரி நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

"இதையா அண்ணாச்சி உடைக்கணும்?"

"எங்க அண்ணன் சொல்லுதான். சென்னையில இருக்கான். வீட்ட விக்கணுமாம், கொட்டகை காலியாகணுமாம். எங்கப்பா இத கப்பல்ல வந்த வண்டிம்பாரு. எந்த தேசத்துலருந்துன்னு கேட்டா சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு."

எஞ்சின் இல்லை. எப்போதோ கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டார்களாம். பெயர்த்தகடும் இல்லை. பழைய கார் பார்க்கிற ஒருவர் கோயம்புத்தூரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. இது எங்கே செய்தது என்று அவர் சொல்லிவிட்டால், உடைக்காமல் அண்ணன் விட்டுவிடுவார். சொல்ல முடியாவிட்டால் அன்று சாயங்காலமே உடைத்து என் வண்டியில் ஏற்றவேண்டியது. அண்ணனும் தம்பியும் பேசி வைத்த பேச்சு அது.

நான் வாடகைக்கு வந்தவன். ஏற்றச் சொன்னால் ஏற்றணும், அவ்வளவுதான். வாய் சும்மா இருக்கவில்லை.

"வருதவரு பாக்கும்போது இப்படியா நாறிக்கிட்டு நிக்கது? கழுவிருவோம் அண்ணாச்சி."

எங்கள் பக்கம் வண்டி கழுவுவது என்றால் ஆற்றில்தான். ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்து பாருங்கள். லாரி, ஆட்டோ, டிராக்டர் எல்லாம் எருமை மாதிரி தாமிரபரணியில் நிற்கும். பைப்பில் கழுவினால் கழுவின திருப்தி வராது.

ஞாயிறு காலையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். ஆற்றில் நல்ல தண்ணீர். சரிவின் தலைப்பில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கயிற்றை அவிழ்த்து, என் வண்டியை ஓரம் கட்டினேன். ஏறிக் குதித்து ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். அப்படி ஓர் இருக்கையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"பிரேக்கு இருக்காவே?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு அண்ணாச்சி. பைய கல்ல எடுங்க."

எடுத்தார். பிரேக் இருந்தது. பிடிக்கவில்லை.

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சோப்போடு சிதறினார்கள். குளித்தவர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பியது. கண்ணை மூடிக் குலசாமியைக் கூப்பிட்டேன். தண்ணீர் உள்ளே வரும், மூக்கில் ஏறும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால், கரை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, காரு மெதக்குதுலே!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆற்றங்கரை அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. கார் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. கூரான பின்பக்கத்தை முன்னால் கொடுத்து, வெயிலில் நேராகப் போனது. ஒரு பக்கமும் சாயவில்லை. பயத்திலும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஒரு கிழவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். (காரைத்தான். என்னை இல்லை.)

நான் செய்ததையும் சொல்லணும். ஸ்டியரிங்கை ஒடித்தேன். பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்தேன். கடைசியில், இடது பக்கம் திரும்பப் போகிறேன் என்று கையை நீட்டிக் காட்டினேன். அதோடு கரையில் அமைதி போனது.

"டிரைவர் அண்ணாச்சி, ஏரலுக்கு ஒரு டிக்கெட்டு!"

"யோவ், ஹாரன் அடியும், மீனு குறுக்க வருது!"

கார் நாணல் திட்டு ஒன்றில் முட்டி நின்றது. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி.

"வண்டி எங்கீங்க?"

அண்ணாச்சி ஆற்றைக் காட்டினார்.

அந்த மனிதர் ரொம்ப நேரம் பார்த்தார். வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேண்ட்டோடு இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நடந்து வந்து வண்டியின் அடியில் கைவிட்டுத் தடவினார்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

"செத்த நேரம் பேசாம இருங்க."

குனிந்து, ஓர் ஆணித் தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆணியெல்லாம் செம்புங்க. பலகைச் சந்துல தண்ணி ஏறாம பஞ்சும் குங்கிலியமும் அடைச்சிருக்குது. இது காரு கட்டுறவங்க வேலை இல்லீங்க. தோணி கட்டுறவங்க வேலை."

கயிறு கட்டி என்னையும் காரையும் கரைக்கு இழுத்த பிறகு எல்லாருக்கும் விளக்கினார். அந்தக் காலத்தில் சக்கரம், எஞ்சின், அடிச்சட்டம் மட்டும் கப்பலில் வந்து இறங்குமாம். மேல்கூடு இங்கேதான் கட்டுவார்களாம். யாரோ தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டுகிறவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி கட்டிவிட்டார்கள்.

"அப்போ கதவு?" என்றேன்.

"தோணிக்கு யாராச்சும் கதவு வெப்பாங்களா?"

அடிச்சட்டத்தில் இருந்த குறிகளைப் பார்த்து, இங்கிலாந்து என்றார். "மத்ததெல்லாம் உங்க கடக்கரைங்க. இப்படி ஒண்ணு நான் எங்கியும் பாத்ததில்ல. கொட்டகையிலயே பாத்திருந்தா பெயிண்ட்டத்தான் பாத்திருப்பேன். தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனுங்க."

அண்ணாச்சி படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "கப்பல்ல வந்ததுன்னுதானவே சொன்னாரு எங்கப்பா. இதுவே கப்பல்னு ஒரு வார்த்த சொல்லலியே!"

யாரோ எடுத்த வீடியோ அதற்குள் சென்னைக்குப் போயிருந்தது. அண்ணன் போன் செய்தார். "எவனும் அதுல கைய வைக்காதிய. நான் வாரேன்." வந்தார். வீடு விலைக்குப் போனது. கார் அண்ணாச்சியின் புது வீட்டு வாசலில் கூரை போட்டு நிற்கிறது. (அத்தனை கூத்திலும் அதை யாரும் கழுவவில்லை.)

போன வருடம் என் மகளுக்கு நிச்சயம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "அண்ணாச்சி என்ன வண்டி ஓட்டுதாவ?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"தரையில லோடு வண்டி. தண்ணியில காரு."

சம்பந்தி இப்போது போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, கரையிலதான இருக்கிய?"