ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கள்

போன வியாழக்கிழமை, சவரம் செய்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டுமென்றால், அது என் வாயிலிருந்து வரக் கூடாது.

விளக்குகிறேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. பழைய பெட்டிகளையும் ஓடாத மின்விசிறியையும் வெளியேற்றிய பிறகுதான் அது அறை என்பதே தெரிந்தது. அங்கே என் புத்தகங்களை அடுக்கி, ஒரு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தையல் மெஷினை அங்கே போட வேண்டும் என்பது என் மனைவியின் ஏற்பாடு. எனக்கு ஆசை, அவளுக்கு ஏற்பாடு. வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்கள் மகள்கள் இருவரும் ஏற்பாட்டின் பக்கம். சனிக்கிழமை தச்சர் வருகிறார். புத்தக அலமாரியா, துணி வெட்டும் மேஜையா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பேராசிரியர்களையே திருத்தியிருக்கிறேன். என் மனைவி மட்டும் என் திருத்தம் எதையும் ஏற்றதில்லை. அவள் மறுபேச்சில்லாமல் ஏற்கும் ஒரே குரல், வியாழன்தோறும் பதினோரு மணிக்கு அடுக்களை ரேடியோவில், போனில் வரும் நேயர்களின் கேள்விகளுக்கு மனநலம் பற்றிப் பதில் சொல்லும் டாக்டரம்மாவுடையது. கோபத்தை அடக்கினால் உடம்புக்கு ஆகாது என்று ஒரு வியாழன் சொன்னார். அன்று முதல் அவள் அடக்குவதில்லை. குடும்பப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மறு வியாழன் சொன்னார். அன்று முதல் நான் வெங்காயம் உரிக்கிறேன்.

ஆகவே, என் அறையை டாக்டரம்மாவின் வாயாலேயே கேட்க வைப்பது என்று தீர்மானித்தேன்.

தலைவலி என்று லீவு போட்டேன். "பின்னறையில கொஞ்சம் படுக்கறேன்" என்று போய்க் கதவைச் சாத்தினேன். கேள்வியைக் காலையிலேயே எழுதி, இரண்டு முறை மெய்ப்புப் பார்த்து வைத்திருந்தேன். குரல் மாறுவதற்காகக் கைக்குட்டையை நான்காக மடித்து போனின் மேல் போட்டேன். எட்டாவது முறை லைன் கிடைத்தது.

"வணக்கம், யார் பேசுறீங்க?" என்றார் நிகழ்ச்சி நடத்துகிற பெண்.

"ஒரு நேயர்."

"பேரு?"

"மனசு சம்பந்தப்பட்ட விஷயம். பேர் வேண்டாமே."

"சரிங்க, கேளுங்க."

"எனக்கு ஒரு நண்பர். அவருக்கு ஒரு நண்பர். நிறையப் படித்தவர். பொறுமைசாலி. வீட்டில் அவருக்கென்று ஓர் இடம் இல்லை. அஃதாவது, தனியாக உட்கார ஓர் அறை இல்லை. இதனால் அவருடைய மனம்..."

"ஐயா, உங்க குரல் ரெண்டு தடவை கேக்குது. வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்க."

எனக்குத் திக்கென்றது. குறைக்க அடுக்களைக்குப் போக வேண்டும். போனால் போனும் கைக்குட்டையுமாக அவள் முன்னால் நிற்க வேண்டும். லைனைத் துண்டித்தால் அறை போச்சு. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே எதிரொலி நின்றுவிட்டது.

"இப்ப சரியா இருக்கு. நன்றிங்க."

என் நல்ல காலத்தை நினைத்து மகிழ்ந்தேன். முழுதாக ஒரு நிமிடம் மகிழ்ந்தேன்.

டாக்டரம்மா பேசினார். தங்கமான மனுஷி. "எந்த மனுஷனுக்கும் தினமும் ஒரு மணி நேரமாவது தனிமை வேணும். அப்ப யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. வீட்ல இருக்கறவங்கதான் அதுக்கு வழி பண்ணிக் கொடுக்கணும்."

வென்றுவிட்டேன். அலமாரிக்கு ஐந்து தட்டா, ஆறு தட்டா என்று யோசிக்கும்போதுதான் அந்தக் கேள்வி உதித்தது. ரேடியோவைக் குறைத்தது யார்?

கதவு திறந்தது. என் மனைவி. முகத்தில் கோபமே இல்லை. கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். கைக்குட்டையை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"வணக்கம் டாக்டரம்மா. நான் அந்த நண்பரோட நண்பரோட சம்சாரம்."

"அடடே, பக்கத்துலயே இருக்கீங்களா? சொல்லுங்கம்மா."

"நீங்க சொன்னது ரொம்ப சரி. அவருக்குத் தனிமை வேணும். ஒரு மணி நேரம் போதுங்களா?"

"தாராளமா போதும். கையால ஏதாவது செஞ்சுகிட்டே இருந்தார்னா இன்னும் நல்லது. மனசு அலையாது."

"அதுக்கு அறையேதான் வேணுமா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. யாரும் வராத இடமா இருந்தா சரி."

"அப்படி ஒரு இடம் இருக்கு டாக்டரம்மா. சாப்பாடு முடிஞ்சதும் எங்க வீட்ல ஒருத்தரும் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க."

"அப்ப அதையே கொடுங்க. இப்படிப் புரிஞ்சு நடந்துக்கற சம்சாரம் கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்."

போன் என் கைக்குத் திரும்பி வந்தது.

"நான்தான்னு எப்ப தெரிஞ்சுது?" என்றேன்.

"பொறுமைசாலின்னதும் யாரோ வேற ஆளுன்னுதாங்க நெனச்சேன். 'அஃதாவது' வந்ததும் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்கு ரேடியோவைக் குறைச்சே?"

"பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க. எடுபடாம போயிடக் கூடாதில்ல? தலைவலி விட்டுருச்சுன்னா வாங்க, வெங்காயம் இருக்கு."

சனிக்கிழமை தச்சர் வந்தார். மேஜைக்கு அளவெடுத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் எனக்கும் தனிமை கிடைத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது சொன்னபடி, கைக்கு வேலையோடு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால், தினம் ஒரு மணி நேரம். யாரும் தொந்தரவு செய்வதில்லை; இன்னும் இரண்டு தட்டைப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.