உன் சிறுநீரகம் உன்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கு என் சிறுநீரகங்கள் இரண்டைத் தவிர அனைவரும் நலம். அங்கு உன் சிறுநீரகங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே நலமாக இருக்கட்டும்.

அவற்றில் ஒன்றை எனக்குத் தருவதாகப் போனில் சொன்னாய். திட்டவட்டமாகச் சொல்கிறேன், வேண்டாம். நாள் முழுக்க லாரி ஓட்டுகிறவன் நீ, இரண்டு பிள்ளைகளின் அப்பா. கிளம்பி வந்து நிற்காதே.

அதற்கு அவசியமும் இல்லை. மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறேன். உடம்பில் ஆர்.என்.ஏ என்று உண்டாம். சிலது புரதம் தயாரிக்கும் உத்தரவைக் கொண்டுபோகுமாம், சிலது எதையும் தயாரிக்காதாம். "அதுங்க சும்மா கெடக்குன்னு ரொம்ப நாளா நெனச்சாங்க சார். ஆனா எந்த உத்தரவு போகணும், எது நிக்கணும்னு பாக்கறதே அதுங்கதான். அதுல சிலது தாறுமாறா ஏறினா கிட்னியில தழும்பு விழும்" என்றாள் ஆராய்ச்சிப் பெண். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ் சூப்பிரண்டாக நான் பார்த்த உத்தியோகம் அதுதானே. என் மேசையில் எதுவும் தயாரானதில்லை, ஆனால் என்னைத் தாண்டி ஒரு காகிதம் போனதுண்டா?

அவற்றைச் சிறுநீரில் கண்டுபிடிக்கலாமாம். ஒரு நாள் முழுக்க வருவதைப் பிடித்துவரச் சொல்லி ஒரு கேன் கொடுத்தாள். பாதி நிரப்பிய படிவத்தை நான் யாரிடமும் வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. கேன் பாதிதான் நிரம்பியிருந்தது, விடுவேனா? டாக்டர் அளந்து குடிக்கச் சொன்னதை மறந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு போனேன். "ரொப்பச் சொன்னது யாரு சார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மறுமுறை அளவாகப் பிடித்து மடியில் வைத்து பஸ்ஸில் போனால், பக்கத்து சீட்காரர் "ஜூஸ் கடையா?" என்று கேட்டார், பதில் சொல்வதற்குள் டிரைவர் பிரேக் போட்டார், மூடி திறந்தது, அவர் சட்டை வெள்ளை. மேற்கொண்டு எழுத மனமில்லை. மூன்றாம் முறை நடந்தே போய்க் கொடுத்துவிட்டேன். இனி எல்லாம் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வண்டியை நிதானமாக ஓட்டு.

என்றும் சொன்ன சொல் மாறாத,
உன் அண்ணன்

பி.கு.: தம்பி, அண்ணி எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படிச்சுட்டேன். டாக்டர் ரிப்போர்ட் போன வாரமே வந்துடுச்சு, மெத்தைக்கு அடியில வெச்சிருக்கார். மாத்திரையில சரியாகற கட்டம் தாண்டிடுச்சாம். அந்த ஆராய்ச்சி இனிமே வர்ற நோயாளிங்களுக்குத்தான் உதவும்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. டாக்டர் உங்களப் பாக்கணுங்கறார். வாங்க. வாசல்ல நின்னு வேண்டாம்னு கத்துவார். காதுல வாங்காம உள்ள வந்துடுங்க.