மேல் பெர்த்

தெருவில் தறிகள் ஓடும்வரை சங்கரன்கோவிலில் வேறெந்தச் சத்தமும் காதில் விழாது. கரண்ட் போனால்தான் வினை. அன்றைக்குப் பாயை விரித்த கையோடு கரண்ட் போயிற்று. தெரு ஊமையாயிற்று. அடுக்களைப் பக்கமிருந்து ‘கிர்ர்... டொக்’ என்று என்னவோ கேட்டது.

“ஏங்க, கேட்டியளா?” என்றாள் வள்ளித்தாய்.

“பெருச்சாளிட்டி. படு.”

கல்யாணமான நாளாய்க் குருநாதன் அவளுக்குக் கொடுத்துவரும் ஒரே மருந்து அது. மழைக்காலத்தில் மகள் முப்பிடாதியின் பாய்க்கடியில் தேள் கிடந்ததிலிருந்து வள்ளித்தாய்க்கு ராத்தூக்கம் இல்லை. கோமதியம்மன் உண்டியலில் வெள்ளித் தேள் போட்டாள். நிலைப்படியில் புற்றுமண் பூசினாள். கான்வென்டில் படித்த ஜெபத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் புருஷனை எழுப்பாமல் தூங்கும் வரத்தை மட்டும் எந்தச் சாமியும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

குருநாதன் எழுந்து உட்கார்ந்து சபதம் போட்டான். “ரயில்ல மேல் பெர்த் பாத்திருக்கேல்லா? அதே மாதிரி ரெண்டடுக்குக் கட்டில் செய்யப்போறேன். முன்னறையில போட்டு, பிள்ளைய மேல ஏத்திருவோம். எந்தத் தேளு டிக்கெட் எடுத்து ஏறுதுன்னு பாக்கேன்!”

மகள் முன்னறையில். தானும் பெண்டாட்டியும் உள்ளறையில். பிள்ளையின் காலில் மிதிபடாத, எழுப்பப்படாத தூக்கம். இந்தக் கணக்கை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரும்புச் சட்டமும் பலகையும் வந்து இறங்கின. கைலியை மடித்துக் கட்டி, ஸ்பானரில் தன் விரலையும் சேர்த்து முறுக்கி, மத்தியானத்துக்குள் கட்டிலை நிறுத்திவிட்டான்.

“எப்படி?”

வள்ளித்தாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “ரொம்ப நல்லாருக்கு. ஆமா, பிள்ள எந்திரிச்சு உக்காந்தா தல எங்கன இருக்கும்?”

அவன் அண்ணாந்து பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபேன் இல்லாத அறை உள்ளறை ஒன்றுதான். கழற்றி, சுமந்து, மறுபடி முறுக்கி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கட்டில் சுவருக்குச் சுவர் நின்றது. பாய் விரிக்க இடமில்லை.

“மேல பிள்ள. சரி, கீழ?” என்றான்.

“பச்சப்பிள்ள தனியாவா கிடக்கும்? நான்தான் படுக்கணும்.”

“அப்ப நான்?”

“ஒங்களுக்கு என்ன, ஃபேனுக்கு நேர் கீழ ராசா மாதிரி படுங்க. நாங்கல்லா இங்கன வேர்த்துச் சாகணும்!”

அவனுக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“ஸ்க்ரூ மிச்சம் கிடக்கே,” என்றாள். அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து ஒரு தாழ்ப்பாள் வெளியே வந்தது. ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கி, மாட்டித்தரச் சொல்லி அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தாழ்ப்பாள். “இந்தக் கதவுக்குப் போட்டிருங்களேன். ஒங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

கையைப் புகழ்ந்தால் குருநாதன் மலையையே முறுக்கி நிறுத்துவான்.

“இன்னுங் கொஞ்சம் கீழ. படுத்த வாக்குல எனக்குக் கை எட்டணும்லா.”

அதையும் அளந்து போட்டான்.

ராத்திரி ராஜா படுத்தார். ஃபேன் சுற்றியது. கண் சொக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தறிகள் நின்றன.

‘கிர்ர்... டொக்.’

பெருச்சாளிதான். பெருச்சாளியாகத்தான் இருக்கும். அடுக்களைக்கும் தனக்கும் நடுவில் பெண்டாட்டி படுத்திராவிட்டால் அதே சத்தம் இத்தனை பெரிதாகக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது. தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் அந்த ஒரு சொல் எழுந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளவில்லை. இத்தனை காலமும் பயந்து கிடந்தவளுக்கு இதைத்தானே கொடுத்தோம் என்று நினைத்தபோது, பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கதவை மெல்லத் தள்ளினான். விரற்கடை அளவு திறந்தது.

“வள்ளி... கேட்டியா?”

உள்ளேயிருந்து நிம்மதியான ஒரு கொட்டாவி.

“பெருச்சாளிங்க. படுங்க.”

ஒரு கை கதவைச் சாத்தியது. அவன் போட்ட தாழ்ப்பாள், இம்மியும் பிசகாமல் விழுந்தது.